பாட்டனார் வைத்த நிதி: ஸ்ரீ ஆளவந்தார் திவ்ய சரிதம்

தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவிலிலிருந்து இராசபாளையம் செல்லும் பெருவழியில் கரிவலம்வந்தநல்லூர் என்னும் பழம்பதி உள்ளது. கரியாகிய யானை வலம் வந்து வழிபட்டமையால் அமைந்த பெயர் என்பது தலவரலாறு. அவ்வூரை அணைந்து செல்லும் ஆற்றுக்கு நிட்சேப நதி என்று பெயர். ஒருவர் மற்றொருவரிடம் நம்பி ஒப்படைத்து வைக்கும் பொருளுக்கு நிட்சேபம் என்று பெயர். புதையலையும் அச்சொல்லால் குறிப்பதுண்டு. திருவிழாவை முன்னிட்டு அவ்வழியே வந்து போகும் அடியார்கள், அந்த ஆற்றின் பெயரைக் கேட்கும்போது நினைக்கத்தக்க மகான் ஒருவர் உண்டு. தந்தையை இழந்த குடும்பத்தில் வறுமையோடு வளர்ந்து, அரசபோகத்தை எய்தி, பின்னர் அதனையும் துறந்து, பாட்டனார் தமக்கென்று ஒப்படைத்து வைத்த நிட்சேபத்தைக் கைக்கொண்டவர் அவர். யமுனைத்துறைவர் என்றும் யாமுனாசாரியர் என்றும் போற்றப்பெறும் ஸ்ரீ ஆளவந்தாரே அம்மகான்.

வீரநாராயணபுரத்துக் குடும்பம்

இன்றைய கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில், முற்காலத்தில் வீரநாராயணபுரம் என்று வழங்கியது. கி.பி. 907 முதல் 955 வரை ஆட்சி புரிந்த முதலாம் பராந்தக சோழனுக்கு வீரநாராயணன் என்பதும் ஒரு விருதுப் பெயராகும். அவன் காலத்தில் அமைந்த பேரேரி வீரநாராயண ஏரி எனப்பட்டு, இக்காலத்தில் வீராணம் என்று வழங்குகிறது. ஏரி நீரால் விளைந்த வயல்களுக்கு நடுவே, வீரநாராயணப் பெருமாளாகிய மன்னனார் எழுந்தருளியுள்ள திருக்கோயிலைச் சார்ந்து சொட்டைக் குலம் என்னும் வேதியர் குடும்பம் வாழ்ந்து வந்தது. அக்குடும்பத்தின் தலைவராக விளங்கியவர் ஸ்ரீமந் நாதமுனிகள்.

ஆழ்வார்களின் அருளிச்செயல்கள் ஓதுவாரின்றி மறைந்து கிடந்த காலம் அது. மன்னனார் சந்நிதிக்கு வந்த யாத்திரிகர் சிலர் திருக்குடந்தைப் பெருமாளைப் பற்றிய பதிகம் ஒன்றைச் சேவிக்க, அது ஆயிரம் பாசுரங்களுள் பத்தே என்பதை நாதமுனிகள் உணர்ந்தார். எஞ்சியவற்றைத் தேடிப் பாண்டி நாட்டுக்கு யாத்திரை செய்தார். தாமிரபரணிக் கரையில் திருக்குருகூரில் புளியமரத்தின் அடியில் அமர்ந்து, மதுரகவியாழ்வாரின் பிரபந்தத்தை 12,000 முறை உருச்செய்து, நம்மாழ்வாரின் அருளால் நாலாயிரத்தையும் பெற்று மீண்டார் என்று குருபரம்பரை நூல்கள் போற்றுகின்றன. தெற்கே நம் பாண்டி நாட்டில் பெற்ற அந்தச் செல்வத்தைச் சோழ நாட்டுக்குக் கொண்டு சென்று, தம் மருமக்களான கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் ஆகியோரைக் கொண்டு இசையுடன் ஓதச் செய்தார்.

நாதமுனிகளின் திருக்குமாரர் ஈசுவரமுனிகள். குடும்பத்துடன் வடநாட்டுத் திருப்பதிகளைச் சேவித்து யமுனைக் கரையில் தங்கியிருந்த நாள்களை மறவாத நாதமுனிகள், தமக்குப் பிறக்கவிருந்த பேரனுக்கு யமுனைத்துறைவன் என்று பெயரிடுமாறு முன்னரே பணித்திருந்தார் என்பர். கி.பி. பத்தாம் நூற்றாண்டில், ஓர் ஆடி மாதத்து உத்திராட நன்னாளில் அப்பேரன் அவதரித்தார்.

ஆண் துணை இழந்த வீடு

ஆனால் அந்த மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. ஈசுவரமுனிகள் இளமையிலேயே பரமபதம் அடைந்தார். பாட்டனாரோ உலகப் பற்றை நீக்கி யோக நிலையில் ஆழ்ந்தவர். அவருடைய துணையும் அக்குடும்பத்துக்கு இல்லாமற் போயிற்று. முதியவரான பாட்டியார், கணவரை இழந்த தாயார், ஒன்றும் அறியாப் பாலகர் ஆகிய மூவரே அவ்வீட்டில் எஞ்சினர் என்று சரிதம் கூறும்.

அக்காலத்துக் கிராம வாழ்வில் இதன் பொருள் என்ன என்பதைச் சிறிது எண்ணிப் பார்த்தல் தகும். பராந்தகன் காலத்தில் 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், அந்தணர் ஊர்களின் சபை நடந்த முறையை எடுத்துக்காட்டுகின்றன. குடவோலையில் பெயர் எழுதப்பெறும் ஒருவருக்கு வரி செலுத்தும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் இருத்தல் வேண்டும். வயது முப்பத்தைந்துக்குக் குறையாமலும் எழுபதுக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்று ஓத வல்லவருக்கு மட்டும் அரைக்கால் வேலி நிலமே போதும் என்று விதி தளர்த்தப்பட்டது. இத்தகைய ஊர்களில் நிலமும் கல்வியும் உடைய ஆண்மக்களே குடும்பத்துக்காக அவையில் பேசத்தக்கவர்கள். ஆண் துணை இழந்து, இரு மாதரும் ஒரு மழலையுமாய் நின்ற வீட்டுக்கு அவ்விரண்டு பற்றுக்கோடுகளும் இல்லை.

ஏரி நிறைந்திருந்தது, கழனிகள் விளைந்தன, ஆயினும் அவ்வீட்டு அடுக்களையில் வறுமை குடியிருந்தது. அந்நிலையிலும் அம்மாதர் இருவரும் ஒன்றை மட்டும் கைவிடவில்லை. பிள்ளையின் கல்வியே அது. நிலத்தால் வாராத நிலைபேறு கல்வியால் வரக்கூடும் என்பது ஒருபுறம் இருக்க, நாலாயிரத்தை மீட்டுத் தந்தவருடைய பேரன் எழுத்தறியாதவனாய் நிற்றல் அக்குடும்பத்துக்கு வறுமையினும் கொடிய இழப்பாகும். உபநயனம் ஆனபின் மகாபாஷ்யபட்டர் என்னும் ஆசிரியரிடம் பாலகர் பாடம் கேட்கலானார். ஒருமுறை கேட்டதை மறவாத நுண்ணறிவு அவருக்கு வாய்த்திருந்தது.

இதற்கிடையில் மற்றோர் ஏற்பாடும் அமைதியாக நடந்து வந்தது. நாதமுனிகள் தம் சீடர்களுள் உய்யக்கொண்டாரிடம் அருளிச்செயல்களையும் அவற்றின் பொருளையும், குருகைக் காவலப்பனிடம் யோக ரகசியத்தையும் ஒப்படைத்திருந்தார். இரண்டும் உரிய காலத்தில் தம் பேரனைச் சேர வேண்டும் என்பது அவருடைய நியமனம். உய்யக்கொண்டார் தம் இறுதிக் காலத்தில் அப்பொறுப்பை மணக்கால் நம்பியிடம் விட்டுச் சென்றார். வீட்டில் நெல் இல்லாத அப்பிள்ளைக்கு, தாம் அறியாமலே பெருநிதி ஒன்று காத்து வைக்கப்பட்டிருந்தது.

கிழிந்த ஓலை

சோழ மன்னனின் அவையில் ஆக்கியாழ்வான் என்னும் புரோகிதர் பெருஞ்செல்வாக்குடன் விளங்கினார். நாட்டிலுள்ள வித்துவான்கள் அனைவரும் தமக்குத் தோற்றவர்களே எனக் கருதி, ஆண்டுதோறும் கப்பம் செலுத்துமாறு அவர்களைக் கட்டாயப்படுத்தி வந்தார். அவ்வகையில் மகாபாஷ்யபட்டருக்கும் ஓலை வந்தது. பாடம் சொல்லிப் பிழைக்கும் ஆசிரியர் அதனைக் கண்டு மனம் கலங்கினார். வயது பன்னிரண்டே நிரம்பிய யமுனைத்துறைவர் ஆசிரியரின் வாட்டத்தைக் கண்டு, காரணத்தைக் கேட்டறிந்து, அவ்வோலையை வாங்கிக் கிழித்தெறிந்தார். தம் வீட்டில் உள்ள இல்லாமையைப் பொறுத்திருந்த பிள்ளைக்கு, கற்றவர் ஒருவர் கல்விக்காகவே கப்பம் கட்டும் சிறுமை பொறுக்கவில்லை.

செய்தி அறிந்த மன்னன் பிள்ளையை வாதுக்கு அழைத்தான். கல்விக்குரிய மரியாதையுடன் அழைத்தாலன்றி வாரேன் என்று அவர் மறுமொழி அனுப்ப, பல்லக்கு வந்தது. அவையில் சிறுவரைக் கண்ட அரசியாருக்கு அவர்பால் நம்பிக்கை பிறந்தது. அவர் தோற்றால் தாம் அடிமையாவதாக அரசியார் கூறினார். அவர் வென்றால் நாட்டில் பாதியைத் தருவதாக மன்னன் வாக்களித்தான்.

வாதத்தில் யமுனைத்துறைவர் மூன்று கூற்றுகளை முன்வைத்து, அவற்றை மறுக்குமாறு ஆக்கியாழ்வானைக் கேட்டார். ஆக்கியாழ்வானின் தாய் மலடி அல்லள் என்பது முதலாவது. மன்னன் அறநெறி வழுவாதவன் என்பது இரண்டாவது. அரசியார் கற்பு நெறி நின்றவர் என்பது மூன்றாவது. இவற்றை மறுத்தால் தாய்க்கும் அரசனுக்கும் அரசிக்கும் பழியாகும், மறுக்காவிடில் தோல்வியாகும். ஆக்கியாழ்வான் வாய் திறவாது நின்றார். பின்னர் யமுனைத்துறைவரே சாத்திர நெறியில் மூன்றையும் மறுத்துக் காட்டினார். தனிமரம் தோப்பாகாததுபோல ஒரே மகவை ஈன்றவளை நூல்கள் மகப்பேறு உடையவளாகக் கணக்கிடா என்றும், குடிகள் செய்யும் பாவம் அரசனையும் சாரும் என்றும், மணச்சடங்கின் மந்திரங்கள் மணப்பெண்ணை முதலில் தேவர்களுக்கு உரியவளாகச் சொல்லும் என்றும் அவர் விளக்கியபோது அவை வியந்தது. தம்மை அடிமைத்தனத்தினின்றும் காத்து ஆள வந்தவர் என்று அரசியார் மகிழ்ந்து அழைத்த சொல்லே ஆளவந்தார் என்னும் திருநாமமாக நிலைத்தது.

தூதுவளைக் கீரை

வாக்களித்தபடி மன்னன் பாதி நாட்டை வழங்கினான். நேற்றுவரை அடுத்த வேளைக்கு வழி தேடிய குடும்பத்துப் பிள்ளை இன்று அரியணையில் அமர்ந்தார். மாளிகை, பரிவாரம், மந்திராலோசனை என்று ஆண்டுகள் உருண்டன. வறுமை வந்தபோது தளராமல் நின்ற குடும்பத்தின் பெருஞ்செல்வத்துக்குச் செல்வம் வந்தபோதுதான் ஆபத்து நேர்ந்தது. பாட்டனார் யார், அவர் எதை மீட்டார், அது எவரிடம் உள்ளது என்பவை அரசியல் ஆரவாரத்தில் மறக்கப்பட்டன. இல்லாமையால் அழியாதது செழிப்பால் அழியக்கூடும் என்பதற்கு இவ்விடம் சான்றாகும்.

இந்நிலையைக் கண்டு கவலையுற்றவர் மணக்கால் நம்பி. காவற் கட்டுகளைக் கடந்து அரசரை நேரில் காண அவரால் இயலவில்லை. ஆகவே அவர் அரண்மனை மடைப்பள்ளியை அணுகினார். ஆளவந்தாருக்குத் தூதுவளைக் கீரையில் விருப்பம் உண்டு என்று அறிந்து, நாள்தோறும் அக்கீரையைப் பறித்து வந்து பரிசாரகரிடம் கொடுத்து வந்தார். தூதுவளை வேலியோரங்களில் தானே படரும் முட்கொடி. விலை கொடுத்து வாங்க வேண்டாதது. ஏழையர் அடுப்பில் வேகுவது. இளமையில் வறுமையை அறிந்த நாவுக்கு அது அந்நியமாய் இருந்திராது. தூது என்னும் சொல் அதன் பெயரிலேயே அமைந்திருப்பதும் பொருத்தமே.

ஆறு மாத காலம் இவ்வாறு நடந்தது. பின்பு நம்பி வேண்டுமென்றே சில நாள் கீரை கொண்டு செல்லாமல் நின்றார். உண்ண அமர்ந்த ஆளவந்தார் கீரை இல்லாமை கண்டு காரணம் வினவ, முதியவர் ஒருவர் கைம்மாறு வேண்டாமல் கொண்டு வந்து தந்த செய்தி வெளியாயிற்று. அவர் மீண்டும் வந்ததும் உள்ளே அழைத்து ஆசனம் அளித்து, வேண்டுவது யாது என்று கேட்டார். பொருளோ நிலமோ தமக்கு வேண்டா என்றும், ஆளவந்தாரின் முன்னோர் வைத்த நிதி ஒன்று தம்மிடம் உள்ளதென்றும், அதனை உரியவரிடம் சேர்க்கவே வந்ததாகவும் நம்பி தெரிவித்தார். தடையின்றித் தம்மிடம் வந்து போக அனுமதி வேண்டும் என்பது ஒன்றே அவர் கேட்ட வரம்.

அன்று முதல் நம்பி கீதையின் பதினெட்டு அத்தியாயங்களையும் பொருளுடன் உபதேசித்து வந்தார். கேட்கக் கேட்க, ஆளவந்தாருக்கு அரசு சுமையாகத் தோன்றலாயிற்று. அந்த நிதி எங்கே உள்ளது என்று அவர் ஆவலுடன் கேட்டார். அது இரண்டு ஆறுகளுக்கு நடுவே, ஏழு மதில்களுக்குள், பாம்பு ஒன்று காத்திருக்க விளங்குகிறது என்று நம்பி உரைத்து, அவரைத் திருவரங்கத்துக்கு அழைத்துச் சென்றார். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, சப்தப் பிராகாரங்களுக்குள், ஆதிசேஷன்மீது கண்வளர்ந்தருளும் பெரிய பெருமாளைக் காட்டி, பாட்டனார் தேடி வைத்த மாநிதி இதுவே என்று நம்பி ஒப்படைத்தார். ஆளவந்தார் அரசாட்சியைத் துறந்தார். துறவறம் ஏற்றுத் திருவரங்கத்திலேயே தங்கி வைஷ்ணவ தரிசனத்தின் தலைமையை ஏற்றார்.

தவறிய நாள்

பாட்டனார் ஒப்படைத்தவற்றுள் இன்னொன்று எஞ்சியிருந்தது. அது குருகைக் காவலப்பனிடம் இருந்த யோக ரகசியம். ஆளவந்தார் அவரைத் தேடிச் சென்றபோது அவர் யோகத்தில் அமர்ந்திருந்தார். சுவருக்குப் பின்னே அரவமின்றி நின்றபோதும், சொட்டைக் குலத்தார் எவரேனும் வந்துள்ளனரோ என்று அவர் வினவினார். எம்பெருமான் தம்மையும் விட்டு அக்குலத்தவரை எட்டிப் பார்த்ததனால் அறிந்ததாகவும் கூறினார். தாம் உடலை நீக்கும் நாளைக் குறித்து ஓர் ஓலை தந்து, அதற்குள் வந்து ரகசியத்தைப் பெற்றுக்கொள்ளுமாறு பணித்தார்.

ஆளவந்தார் திருவரங்கம் திரும்பினார். உற்சவ காலத்தில் நம்மாழ்வாரின் திருவனந்தபுரப் பதிகத்தை அரையர் இசையுடன் சேவிக்கக் கேட்டு உள்ளம் உருகி, அத்திருப்பதிக்கு யாத்திரை புறப்பட்டார். திருவனந்தபுரத்தில் அனந்தபத்மநாபனைச் சேவித்த பின்னர் அந்த ஓலையை எடுத்துப் பார்த்தார். குறித்த நாள் அன்றே என்று கண்டு திடுக்கிட்டார். அந்நாளில் திருவனந்தபுரத்திலிருந்து சோழ நாட்டை ஒரே பகலில் அடைதல் எவராலும் இயலாதது. யோக ரகசியம் காவலப்பனோடு மறைந்தது. ஆழ்ந்த பக்தியோடு மேற்கொண்ட யாத்திரைதான். ஆயினும் நாள் தவறியது தவறியதே. ஒப்படைத்த பொருளை உரிய காலத்தில் பெற்றுக்கொள்ளுதலும் பெறுபவரின் கடமை என்பதை ஆளவந்தார் தம் இழப்பால் உணர்ந்தார்.

கைம்முதல் இன்மையே கைம்முதல்

எஞ்சிய காலத்தை அவர் வீணாக்கவில்லை. ஆகமப் பிராமாண்யம், ஸித்தித்ரயம், கீதையின் சாரத்தை 32 சுலோகங்களில் அடக்கிய கீதார்த்த ஸங்க்ரஹம், பிராட்டியைப் போற்றும் சதுச்லோகீ, 65 சுலோகங்கள் கொண்ட ஸ்தோத்ர ரத்னம் முதலிய நூல்களை அருளினார். தாம் அரிதிற் பெற்றதைத் தம்மோடு நிறுத்தாமல் பெரிய நம்பி, திருக்கோட்டியூர் நம்பி, திருமாலையாண்டான், திருவரங்கப்பெருமாள் அரையர், பெரிய திருமலை நம்பி முதலிய சீடர் பலரிடம் பகிர்ந்து வைத்தார். ஒருவரிடம் மட்டும் இருந்த ரகசியம் மறைந்ததை அறிந்தவர் அவர்.

அச்சீடர்களுள் பாண்டி நாட்டவரான மாறனேரி நம்பியும் ஒருவர். உலகத்தார் தாழ்ந்ததாகக் கருதிய குலத்தில் பிறந்த அவரை ஆளவந்தார் அன்புடன் ஏற்றார். ஆசாரியனுக்கு நேர்ந்த கொடிய பிளவை நோயைப் பிரசாதமாகக் கருதித் தாமே வேண்டிப் பெற்று அனுபவித்தவர் மாறனேரி நம்பி. அவர் பரமபதித்தபோது, அந்தணரான பெரிய நம்பி ஊராரின் பழிக்கு அஞ்சாமல் அவருக்கு இறுதிக் கடன்களை ஆற்றினார். ஒன்றுமில்லாத வீட்டிலிருந்து வந்த ஆசாரியன், ஒன்றுமில்லாதவரை ஒதுக்காத கூட்டம் ஒன்றை வளர்த்து வைத்தார் என்பதற்கு இது சான்று.

காஞ்சியில் இளம் பிராயத்து இராமானுசரைத் தூரத்திலிருந்து கண்டு, இவரே தரிசனத்துக்குத் தலைவராக வேண்டும் என்று பேரருளாளனைப் பிரார்த்தித்தவரும் ஆளவந்தாரே. பெரிய நம்பி இராமானுசரை அழைத்துக்கொண்டு திருவரங்கம் சேர்ந்தபோது ஆளவந்தார் திருநாடு அலங்கரித்துவிட்டார். அவர் திருக்கையில் மடங்கியிருந்த மூன்று விரல்கள் அவருடைய நிறைவேறாத மூன்று மனோரதங்களைக் குறித்தன என்பதும், அவற்றை நிறைவேற்றுவதாக இராமானுசர் உறுதி கூற அவ்விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன என்பதும் வழிவழி வரும் சரிதம். இவ்வாறு நிட்சேபம் அடுத்த கைக்கு மாறிற்று.

ஸ்தோத்ர ரத்னத்தில் ஆளவந்தார் தம்மை எவ்வாறு அறிமுகம் செய்துகொள்கிறார் என்பது நினைக்கத்தக்கது. நாட்டில் பாதியை ஆண்டவர் என்றோ, வாதத்தில் வென்றவர் என்றோ அவர் சொல்லிக்கொள்ளவில்லை. கைம்முதல் ஏதும் இல்லாதவர், வேறு புகலும் இல்லாதவர் என்றே பெருமாள் திருமுன்பு நிற்கிறார். ஆகிஞ்சந்யம் என்று ஆசாரியர்கள் விரித்துரைக்கும் இந்நிலைக்குத் தமிழில் கைம்முதல் இன்மை என்று பெயர். அது பொருளின் வறுமை அன்று. எம்பெருமானை அடையத் தன்னிடம் ஒரு சாதனமும் இல்லை என்னும் உணர்வு. ஆயினும் நெல்லில்லாத வீட்டில் வளர்ந்தவர் அச்சொல்லின் பாரத்தை முன்னரே அறிந்தவர். நிறைவுச் சுலோகத்திலும் தம் நடத்தையைப் பாராமல், பாட்டனார் நாதமுனிகளைப் பார்த்தே அருள வேண்டும் என்று விண்ணப்பிக்கிறார். தந்தையற்ற பிள்ளைக்குப் பாட்டனாரே கைம்முதல் ஆனார்.

சரணாகதிக்கு நிக்ஷேபம் என்பதும் ஒரு பெயர் என்று சாத்திரம் கூறும். தன்னைத் தானே காக்க இயலாது என்று உணர்ந்து, காக்க வல்லவனிடம் ஒப்படைத்தலே அது. பாட்டனார் பேரனுக்காக ஒப்படைத்தார். பேரன் தம்மையே ஒப்படைத்தார். நிட்சேப நதியைக் கடந்து திருவிழாவுக்கு எழுந்தருளும் அடியார்கள், மடியில் முடிந்து வந்தது சிறிதாயினும் குறையில்லை. சந்நிதியில் கைகூப்பி நிற்கும்போது, வறுமையில் கலங்காத இரு மாதரையும், ஆறு மாதம் கீரை சுமந்த முதியவரையும், அரசைத் துறந்த ஆசாரியனையும் ஒருகணம் நினைப்பது அனைவருக்கும் நலம் தரும்.

ஸ்ரீ ஆளவந்தார் திருவடிகளே சரணம்.